சீசரிடம் சொல்லி அனுப்பியவை

தம்பி,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உன் அழைப்பு வராமலே போய்விட்டன. முதல் ஞாயிறு உனக்கு வேலையாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் ஞாயிறு மருமகள் "அவருக்கு வேலை கூட, மாமா" என்று எழுதி அனுப்பியிருந்தாள். மூன்றாம் ஞாயிறு நேற்று. கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்தேன். குனியும்போது கிணற்றுக்குள் விழுந்துவிடும் என்ற பயத்தில் பிறகு குசினி யன்னலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாளிக்கு வாளி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். கடைசியாக நீ சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "அம்மா செத்த நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை நீங்கள். இப்ப ஒரு நாய்க்கு இப்பிடிக் குழறுறியள். என்னப்பா நீங்கள்?" என்று கேட்டாய். நான் மறுமொழி சொல்லுமுன் படம் மறைந்துவிட்டது. உன் கேள்வி நியாயமானது. அதற்கு மறுமொழியும் இருக்கிறது. ஆனால் அது வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய மறுமொழி இல்லை. அந்தத் துணிவு எனக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலத்தில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதுவது இதுதான் முதல்.

நீ பயணம் போவதற்கு ஆறு மாதம் முன்பு, சட்டைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாயே, கண் சரியாகத் திறக்காத அந்தக் குட்டி, அதிலிருந்து தொடங்கலாம். "கொண்டுவந்த இடத்திலையே கொண்டுபோய் விடு" என்று அம்மா கத்தினாள். இரண்டாம் நாள் பார்த்தால் அவளே சிரட்டையில் பாலை ஊற்றி விரலால் தொட்டுத் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சீசர் என்று பெயர் வைத்தது நீ. அது வளர்ந்து முதலில் செய்த வேலை அம்மாவின் தக்காளிப் பாத்தியைக் கிண்டியதுதான். அவள் விளக்குமாற்றோடு வளவு முழுக்கத் துரத்தினாள். அது விளையாட்டென்று நினைத்து இன்னும் விசையாக ஓடியது. நீ கிணற்றுக் கட்டில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நினைத்துக்கொள்ளாத நாள் குறைவு. ஏனென்றால் அதற்குப் பிறகு இந்த வளவில் நீ அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. அதற்குக் காரணமும் நான்தான்.

உன் பயணத்துக்கு முந்திய வருடத்திலும் வெளிநாடு போக உனக்கு ஒரு வழி சரிவந்தது. கூட்டிப்போக வந்த வான் வண்டி வாசல் படலையில் நின்றது. அம்மா உன் கையைப் பிடித்து "போகாதை ராசா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நீ நின்றுவிட்டாய். அதன் பிறகு வந்த மாதங்களை நீயும் மறந்திருக்கமாட்டாய். இளம் பொடியன்களை வீட்டு வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டு போன காலம். படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தாலும் நான் எழுந்து நீ எங்கே இருக்கிறாய் என்று தேடுவேன். பொடியன்கள் இருந்த எந்த வீட்டிலும் தகப்பன்மார் அப்படித்தான் இருந்தார்கள். மறுபடி பயணம் சரிவந்தபோது, இந்த முறை எதுவும் குழம்பக்கூடாது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துத்தான் பயணம் என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்குள் நேர்த்திக்கடன் ஒன்றை முடிக்கவேண்டும் என்று புதன்கிழமை நயினாதீவு அம்மனிடம் போகத் தீர்மானித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து எனக்குச் செய்தி வந்தது, நாளைக்கே வான் வரும் என்று. நான் அதை அவளிடம் சொல்லவில்லை, தம்பி. விடிய எழுந்து அவள் தலைமுழுகி, பூக்கொய்து, குறிகாட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் போகும்வரை வாயே திறக்கவில்லை. பஸ் போன பிறகுதான் உன்னை எழுப்பி, வெளிக்கிடு என்றேன்.

நீ கேட்டாய், "அம்மா எங்கை?" என்று. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "அவ வரமாட்டாவாம். நீ போறதைப் பாக்க ஏலாதாம். நயினாதீவுக்குப் போயிட்டா. நீ வெளிக்கிட்டுப் போ" என்றேன். நீ குனிந்து சீசரின் தலையைத் தடவிவிட்டு வானில் ஏறினாய். அது பொய். முழுப் பொய். அவளுக்கு நீ அன்று போகிறாய் என்பதே தெரியாது. அவள் உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. உனக்காகத்தான் கடல் கடந்து போயிருந்தாள்.

மத்தியானம் தாண்டி அவள் வந்தாள். உன் கையில் கட்டுவதற்கென்று மந்திரித்த நூல் ஒன்றை முந்தானைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். படலையைத் திறந்தபடியே உன்னைக் கூப்பிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். அதை மட்டுமாவது மறைக்காமல் இருக்கவேண்டும் என்று அப்போது ஏதோ ஒரு நேர்மை. அவள் முடிச்சை அவிழ்த்த கையோடு நின்று என்னைப் பார்த்தாள். "நான் வரமாட்டன் எண்டோ சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. சீசரைக் கிட்டக் கூப்பிட்டு, அந்த நூலை அதன் கழுத்தில் கட்டினாள். கட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விதான், மகனே, உன் அம்மா என்னிடம் நேரே பேசியதில் நெடுங்காலத்துக்குக் கடைசி. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், நீ வந்து நின்ற மூன்று கிழமை தவிர, அவள் எனக்கு நேராக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதை நீ நம்பமாட்டாய். நீ எடுத்த நேரமெல்லாம் நாங்கள் இருவரும் உன்னோடு கதைத்தோம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கைபேசி மாறியது. வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிய வழியில்லை. முதல் நான்கு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், நான் முன் விறாந்தையில் கதிரையில் இருந்தேன். குசினி வாசலில் அவள் சொல்வது கேட்டது: "சீசர், அப்பாட்டைப் போய்ச் சொல்லு, சோறு போட்டாச்சு எண்டு." நாய் எழுந்து வந்து என் முன்னால் நின்றது. நான் போய்ச் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இல்லை. நேரே சொன்னால் மறுமொழி வராது என்று தெரிந்ததால் நானும் நாயைப் பார்த்து, "சீசர், அம்மாட்டைச் சொல்லு, உப்புக் காணாது" என்றேன். உப்புச் சிரட்டை வந்தது. அப்படித் தொடங்கியது, தம்பி. வெண்டிக்குப் பூச்சி பிடித்ததும், சீனி முடிந்ததும், உனக்குப் பெண் பேசி வந்ததும், உன் பிள்ளை ஆரபி பிறந்ததும் எல்லாம் இந்த வீட்டில் சீசர் வழியாகத்தான் சொல்லப்பட்டன. அது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். யாராவது அதன் பெயரைச் சொன்னால் மற்றவர் பக்கம் தலையைத் திருப்பும் அளவுக்குப் பழகிவிட்டது.

எப்போதும் துக்கமாக இருந்தோம் என்று நினைக்காதே. வேலிக்கு அந்தப் பக்கம் தவமணி இதைக் கேட்டுச் சிரிப்பாள். "மனேச்சர், உங்கடை நாய்க்குச் சம்பளம் குடுக்கோணும்" என்பாள். சில வேளை அம்மாவே சிரித்துவிடுவாள். ஒருநாள் நான் மழைக்கு முன் மிளகாய்க் கன்றை நட்டதற்கு, "சீசர், உன்ரை அப்பாவுக்கு வயசு போட்டுது, மூளை இன்னும் வரேல்லை" என்றாள். நான் சிரித்தேன், அவளும் மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்த நேரத்தில் ஒரு சொல் போதும். "நான் செய்தது பிழை" என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல் தொண்டை வரை வரும். பிறகு நானும் ஆம்பிளைதானே, உன் நன்மைக்குத்தானே செய்தேன், நீ உயிரோடு அங்கே இருக்கிறாயே என்று ஒரு வீறாப்பு வந்து அதை உள்ளே தள்ளிவிடும். நாள் போகப்போக அந்தச் சொல் தேவையே இல்லாததுபோல் ஆகிவிட்டது. நாய் இருந்தது, வேலை நடந்தது. அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை.

நீ மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை வந்து நின்றாயே, அந்த மூன்று கிழமையும் அம்மா என்னோடு நேரே பேசினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு இளநீர் வெட்டுங்கோ" என்றாள். இனி இப்படியே இருக்கும் என்று நம்பினேன். நீங்கள் போன வான் வேலணைச் சந்திப் பக்கம் திரும்பி மறைந்தது. நாங்கள் இருவரும் படலையில் நின்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சீசர், உள்ளுக்கு வா. அவரையும் வரச்சொல்லு, வெயில்." அன்று நான் அந்தப் படலையிலேயே நெடுநேரம் நின்றேன்.

பிறகு அவளுக்கு நெஞ்சு வருத்தம் வந்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது உனக்குத் தெரியும். பதினொரு நாள். நான் விடியப் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவேன். அங்கே எங்கள் இருவருக்கும் நடுவில் சீசர் இல்லை. முதல் இரண்டு நாள் அவள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களை ஊமைகள் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் அவள் முகட்டிடமே கேட்டாள், "சீசருக்கு ஆரும் சோறு வைச்சவையோ?"

"தவமணி வைச்சவள்" என்றேன்.

பிறகு தலையை என் பக்கம் திருப்பினாள். "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது. "நான் அண்டைக்குச் செய்தது பிழை" என்றேன்.

"எண்டைக்கு?"

"நீர் நயினாதீவுக்குப் போன அண்டைக்கு."

"பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு சொல்லுறியள்" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு முட்டியது. ஆறிய பிறகு சொன்னாள்: "எனக்குச் சொல்லி என்ன? அவனுக்கெல்லோ சொல்லவேணும்."

"நீர் ஏன் அவனுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். இத்தனை வருடமும் எனக்கு விளங்காமல் இருந்தது அதுதான்.

"அவன் தனியப் போய் அங்கை கிடந்தவன். தாயிலை கோவம் எண்டால் பிள்ளைக்கு எப்பிடியும் ஆறும். தகப்பன் ஏமாத்தித்தான் அனுப்பினவர் எண்டு தெரிஞ்சால் என்னெண்டு நிமிந்து நிப்பான்? இப்ப அவனும் ஒரு தகப்பன். இப்பச் சொல்லலாம். நீங்கள்தான் சொல்லவேணும், நான் சொல்லமாட்டன்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நாங்கள் கதைத்துக்கொண்டே இருந்தோம், தம்பி. எதைப் பற்றி என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. எலுமிச்சை ஏன் பூத்தும் காய்க்கவில்லை, ஆரபிக்கு எத்தனை பல் விழுந்துவிட்டது, எங்கள் கலியாணத்தன்று மழைக்குள் பந்தல் சரிந்தது, இப்படி. "ஐயா, நோயாளியைக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோ" என்று தாதிப்பிள்ளை இரண்டு முறை என்னை ஏசினாள். மருந்து வாசனையும் சனநெரிசலும் நிறைந்த அந்த வார்டுதான் எங்கள் கலியாண வாழ்க்கையிலேயே நாங்கள் மிகவும் நெருங்கி இருந்த இடம். அதற்கு மறுநாள் விடிய நான் போய்ச் சேர்ந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

நீ வரும்வரை உடலை வைத்திருந்தோம். நீ வந்து விழுந்து அழுதாய். நான் தூணோடு நின்றேன். எனக்கு அழுகை வராமல் இல்லை. உன்னைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் உனக்கு முன்னால் எந்த முகத்தோடு அழுவேன்? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டுச் செலவுச் சடங்கு வரை கொண்டுபோனேன். அதற்கு முதல் நாள் காலையில் நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். நான் அள்ளித் தந்தேன். நீ திடீரென்று சொன்னாய்: "அப்பா, அண்டைக்கு அம்மா என்னை வழியனுப்ப வராமல் விட்டது எனக்கு இவ்வளவு காலமும் ஒரு கோவமாய் இருந்தது. கேக்காமலே விட்டிட்டன். இனி ஆரைக் கேக்கிறது?" கடவுள் என் முன்னால் கொண்டுவந்து வைத்த நேரம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் ஒரு வாளி ஊத்தட்டோ?" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளில் இதுவே மிகப் பெரியது. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இதற்கு ஒரு காரணமும் இல்லை, கோழைத்தனம் மட்டும்தான்.

நீ போன பிறகு இரண்டு வருடம் நானும் சீசரும் இருந்தோம். நான் பழைய வழக்கத்தை விடவில்லை. "சீசர், அம்மாட்டைச் சொல்லு, பயிற்றை காய்ச்சிருக்கு" என்பேன். அது எழுந்து குசினி வாசல் வரை போய் உள்ளே பார்த்துவிட்டு வரும். கண் மங்கிய பிறகும் போனது. பின்னங்கால் விழுந்த பிறகு, படுத்த இடத்திலிருந்தே தலையை அந்தப் பக்கம் திருப்பும். நான் சோற்றைக் குழைத்துக் கையால் ஊட்டினேன்; தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் ஈரத்தில் கிடத்துவேன், வெயில் வர மறுபடி தூக்கி வருவேன். ஒருநாள் காலையில் தூக்கப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. எங்கள் நிலம் உனக்குத் தெரியும். ஒரு முழம் தோண்டினால் கல். அலவாங்கு கொண்டு மத்தியானம் வரை தோண்டினேன். தவமணி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "விடுங்கோ மனேச்சர், ஆரையும் கூட்டியாறன்" என்றாள். வேண்டாம் என்றேன். மண்ணை மூடிவிட்டு வந்து கைகால் கழுவினேன். வழக்கம்போல வாய் "சீசர், அம்மாட்டை" என்று தொடங்கிவிட்டது. சொல்ல யாரும் இல்லை. கேட்கவும் யாரும் இல்லை. உன் அம்மா போனது எனக்கு அந்த நிமிடம்தான் முழுதாக விளங்கியது. அந்த நேரம் பார்த்து நீ எடுத்தாய். நீ கண்ட அழுகை நாய்க்கு மட்டும் அழுத அழுகை இல்லை, தம்பி. இரண்டு வருடம் பிந்தி வந்த அழுகை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சீசர் சாவதற்கு முந்திய ஞாயிறு நீ கதைத்துக்கொண்டிருக்கையில், உன் பின்னால் மருமகள் ஏதோ அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நீ திரும்பாமலே ஆரபியைக் கூப்பிட்டு, "அம்மாட்டைச் சொல்லு, அப்பா பின்னேரம் வெளியிலை போறார் எண்டு" என்றாய். மருமகள் நாலடி தள்ளித்தான் நின்றாள். பிள்ளை உன் முகத்தைப் பார்த்தது. பிறகு தாயின் முகத்தைப் பார்த்தது. அது ஒருநாள் ஊடலாக இருக்கலாம்; நான் பிழையாக நினைத்திருக்கலாம். பிழையாக இருந்தால் கிழவனை மன்னித்துக்கொள். ஆனால் எவ்வளவு இலகுவாக அது பழகிவிடும் என்பது எனக்குத் தெரியும். சோறு வரும், உப்பு வரும், வீடு ஓடும், வருடங்களும் ஓடும். எங்களுக்கு நடுவில் நின்றது ஒரு நாய். அதற்கு ஒன்றும் வலிக்கவில்லை. உங்களுக்கு நடுவில் நிற்பது பிள்ளை. இன்றைக்கே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய் அவளோடு நேரே பேசு. யார் பக்கம் நியாயம் என்று பார்க்காதே. நியாயம் என் பக்கம் என்றுதான் நானும் பன்னிரண்டு வருடம் இருந்தேன்.

இவ்வளவையும் எழுதியதும் இதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். நான் ஒருநாளும் உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேரும்" என்பதுதான் வழக்கம். இன்று "மனோன்மணி" என்று கூப்பிட்டேன். "அவனுக்கு எழுதிப்போட்டன்" என்றேன். அடுப்படியில் எதுவும் அசையவில்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

இனி நீ என்னை வெறுத்தாலும் அது நியாயம்தான். உன் அம்மா நீ போவதைப் பார்க்கமாட்டேன் என்று ஒளித்துக்கொள்ளவில்லை. அது ஒன்றை மட்டும் நீ நம்பவேண்டும். என்னைப் பற்றி நீ என்ன முடிவு எடுத்தாலும் மருமகளிடம் சொல்லி எழுத வைக்காதே, பிள்ளையைக் கொண்டு கதைக்க வைக்காதே. ஏசவேண்டும் என்றாலும் நீயே எடுத்து ஏசு. எவ்வளவு நேரம் ஏசினாலும் நான் கைபேசியை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா